கணவாய்ச் சத்திரத்துக் கோப்பை

அன்று காலை என் தோள்பையில் மூன்று சின்னக் கண்ணாடிக் கோப்பைகள் இருந்தன. ஒன்றோடொன்று உரசிச் சத்தம் எழுப்பாதபடி ஸாருஹி அண்ணி ஒவ்வொன்றையும் தனித்தனித் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தாள். அம்மா கொட்டகையில் பால் கறந்துகொண்டிருந்தாள். அதனால் நாங்கள் சமையலறையில் கிசுகிசுவென்று பேசினோம்.

"நீயும் மாமாவும் போதும். மேல சத்திரத்துக்குப் போய் ஒரே ஒரு தடவை தொடாம குடிச்சிட்டு வந்துடுங்க. இந்த வீட்டுக்குள்ள அது நடக்காது."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். நான் என்ன இன்னொரு மூணு குளிர்காலம் பொறுக்கணுமாடி, ஷோகேர்?"

எங்கள் மேசையில் உயிரோடு இருப்பவர்களுக்காகக் குடிக்கும்போது கோப்பையோடு கோப்பையைத் தொட்டுக்கொள்வோம். இறந்தவர்களுக்காகக் குடிக்கும்போது தொடமாட்டோம். ஒரு வீட்டார் ஒருவன் பெயரைச் சொல்லித் தொடாமல் குடித்துவிட்டால் அவன் இறந்தவன். அதன்பிறகு அதை யாரும் மாற்றிப் பேசுவதில்லை. என் அண்ணன் முஷேக் காணாமல்போய் மூன்று குளிர்காலம் ஆகிவிட்டது. தினமும் இரவுச் சாப்பாட்டில் அம்மா அவன் இடத்தில் அவன் கோப்பையை வைத்து நிரப்புவாள். முதல் கவளத்துக்கு முன் தன் கோப்பையால் அதைத் தொடுவாள். டிங். அதன்பிறகுதான் நாங்கள் ரொட்டியைப் பிய்க்கலாம்.

நீதிமன்றம் அவன் இறந்துவிட்டதாகக் காகிதம் அனுப்பிவிட்டது. அம்மா அதை மாவு டப்பாவுக்கு அடியில் விரித்து வைத்தாள். மலைக்கு அந்தப் பக்கம் மார்தூனியில் டிராக்டர் பழுதுபார்க்கும் கார்லென் அண்ணியைக் கல்யாணத்துக்குக் கேட்டார். பாதிரியார் கையை விரித்துவிட்டார். "காகிதம் சரிதாம்மா. ஆனா உங்க மேசையில அவன் இன்னும் உயிரோட உக்காந்திருக்கான். நான் எப்படி உனக்கு இன்னொருத்தனோட மோதிரம் மாத்தறது?" அடுத்த மாதம் கார்லென் வேலைக்கு ரஷ்யா போகிறார். அண்ணியைக் கூட்டிக்கொண்டு போவார், இல்லையென்றால் தனியாகப் போவார். அண்ணிக்கு இருபத்தாறு வயது.

செரோப் மாமா வேனின் ஹாரனை இரண்டு முறை அடித்தார். நான் பையை அணைத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

சுற்றுலா வருகிறவர்களுக்கு நான் வழிகாட்டி. அம்மாவின் தம்பி செரோப் மாமாதான் ஓட்டுநர். அந்த வாரம் எங்களுக்கு ஒரே ஒரு விருந்தாளி. வில்லெம் என்று பெயர், பெல்ஜியம்காரர், பாலங்கள் கட்டி ஓய்வு பெற்றவர். பட்டும் மிளகும் போன பழைய வணிகப் பாதையை நான்கு நாளில் பார்க்க வேண்டும் என்று வந்திருந்தார். இளம் வயதில் ஜார்ஜியாவில் வேலை பார்த்தபோது கற்ற உடைந்த ரஷ்ய மொழியில் பேசுவார். மாமாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது, ஏனென்றால் அவர் சாலையைப் பற்றி மாமா திட்டுவதையெல்லாம் தலையாட்டி ஒப்புக்கொண்டார்.

முதலில் பள்ளத்தாக்கின் மடாலயத்துக்குப் போனோம். வில்லெம் சிலுவை செதுக்கிய கற்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கிளம்பும்போது நான் பீடத்துக்கு முகம் காட்டியபடி பின்னோக்கி நடந்து வாசலைத் தாண்டினேன்.

"ஏன் இப்படிப் பின்னால நடக்கறீங்க?" என்றார்.

"உள்ள இருக்கறவருக்கு முதுகைக் காட்டக் கூடாது."

மாமா சிகரெட்டைக் காதில் சொருகிக்கொண்டு நேராகத் திரும்பி விறுவிறுவென்று வெளியே போனார்.

"அவர் காட்டறாரே?"

"எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்ல சார்," என்று மாமா படியிலிருந்து குரல் கொடுத்தார். "மூணு வருஷமா அவரும் கூப்பிடல, நானும் போகல."

மூன்று வருடம் என்று மாமா சொன்னதும் நான் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மதியத்துக்கு மேல் கணவாயில் ஏறினோம். அக்டோபர் மாதம், ஆனால் பனிமூட்டம் ஜன்னலைத் துடைக்கத் துடைக்க மறுபடி மூடியது. இந்தச் சாலையில்தான் அண்ணன் வாரம் மூன்று நடை ஏரி மீன் ஏற்றிக்கொண்டு வருவான். அந்த ஜனவரியில் பனி பாதையை மூடியது. மூன்றாம் நாள் தேடிப் போனவர்கள் அவன் வண்டியைச் சத்திரத்துக்கு எதிரே கண்டார்கள். சாவி அதிலேயே இருந்தது. மீனெல்லாம் கட்டையாக விறைத்துக் கிடந்தது. வண்டியிலிருந்து சத்திரத்து வாசல்வரை காலடிகள் போயிருந்தன. திரும்பி வந்த காலடிகள் இல்லை. உள்ளே ஆளும் இல்லை. அந்தச் சத்திரத்துக்கு ஒரே ஒரு வாசல்தான். தேடிப் போனவர்களில் மாமாவும் ஒருவர். அதைப் பற்றி மாமா அதன்பிறகு பேசியதே இல்லை.

"நீ சொன்னதுக்கு நான் சரின்னுட்டேன்," என்று மாமா மெதுவாகச் சொன்னார், வில்லெமுக்குப் புரியாத எங்கள் மொழியில். "ஆனா அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை உயிரோட புதைச்சிடுவா."

"அப்ப உங்களுக்கும் தொடாம குடிப்போம் மாமா."

"வாயைப் பாரு வாயை. உங்க அண்ணன் மாதிரியே."

சத்திரம் கறுப்புக் கல்லில், பனிமூட்டத்துக்குள் படுத்துக் கிடந்தது. ஒட்டகங்களும் கழுதைகளும் வணிகர்களும் ஒரே கூரையின்கீழ் படுத்த இடம். வாசலுக்கு மேலே நிலைக்கல்லில் ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் காளை செதுக்கியிருந்தது. நான் முதலில் உள்ளே போய்விட்டேன். பின்னால் வில்லெமின் குரல் கேட்டது.

"நீங்க போங்க, நீங்க முதல்ல."

திரும்பிப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, சுமையோடு வருகிற ஒருவருக்கு இடம் கொடுப்பதுபோல நிலையோடு ஒட்டி நின்றிருந்தார். பிறகு தலையசைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"யாருக்கு வழி விட்டீங்க?"

"உங்க டிரைவருக்கு. பெட்டி ஏதோ தூக்கிட்டு வந்தாரே."

வாசல் வழியே நான் மாமாவைப் பார்த்தேன். அவர் அப்போதுதான் வேனுக்குப் பின்னால் குனிந்து டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

 அதைச் சொன்னால் வில்லெமுக்கு விளக்க வேண்டியிருக்கும். பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

உள்ளே நீண்ட இருட்டு. தூண்களுக்கு இடையே விலங்குகள் தின்ற கல்தொட்டிகள் வரிசையாகப் போயின. கூரையில் இருந்த துளைகள் வழியாகப் பனிமூட்டம் வெள்ளைத் தூண்களாக இறங்கியது. அவை படாத இடங்கள் கண்ணுக்கு எட்டவில்லை. பல நூறு வருடமாக யாரும் சமைக்காத, யாரும் தங்காத இடம். ஆனால் அங்கே மீன் வாசம் அடித்தது. அழுகிய மீன் இல்லை. அப்போதுதான் ஏரியிலிருந்து எடுத்த ஈரமான மீன்.

மாமாவும் உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினார். என்னைப் பார்த்தார். நான் பையைத் திறந்தேன்.

வில்லெமிடம் உண்மையைச் சொன்னேன்: என் அண்ணன் இங்கேதான் தொலைந்தான், அவனுக்காக ஒரு வாய் குடிக்கப்போகிறோம். அவர் தான் மாத்திரை சாப்பிடுவதால் குடிக்க முடியாது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, தொப்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி தூண் ஓரமாக நின்றார்.

மூன்று கோப்பைகளிலும் மாமா ஆப்ரிகாட் சாராயத்தை ஊற்றினார். ஒன்றை அண்ணனுக்காகக் கல்தொட்டியின் விளிம்பில் வைத்தேன். நானும் மாமாவும் இரண்டு முழம் இடைவெளி விட்டு நின்றோம். தவறியும் தொட்டுவிடக் கூடாது.

"நீங்க பெரியவர், நீங்க சொல்லுங்க."

மாமா கோப்பையைத் தூக்கினார். "முஷேக்... டேய்..." என்றார். அதற்குமேல் அவருக்கு வரவில்லை.

நான் சொன்னேன்: "முஷேக் அண்ணாவுக்கு. ஆண்டவர் அவன் ஆன்மாவை வெளிச்சத்துல வைக்கட்டும்."

டிங்.

என் விரல்களில் அந்தத் தொடுதல் தெரிந்தது. மெல்லிய ஒரு இடிப்பு. என் கோப்பையில் சாராயம் தளும்பி மணிக்கட்டில் வழிந்தது. மாமாவின் கோப்பை அவர் உதட்டில் இருந்தது. வில்லெமின் இரண்டு கையும் தொப்பியில் இருந்தன. தொட்டியின் விளிம்பில் அண்ணனுடைய கோப்பை வைத்த இடத்திலேயே இருந்தது. ஆனால் அதற்குள் சாராயம் வட்டமாகச் சுழன்று, மெதுவாக அடங்கியது.

"நீயா?" என்றார் மாமா.

"நான் இல்ல."

"நானும் இல்ல." அவர் குரல் மேலே ஏறியது. "ஷோகேர், அவன் தொட்டுட்டான். தொட்டுட்டான்டீ! உயிரோடதான் இருக்கான். நான் அப்பவே சொன்னேன், இங்க வேற ஏதோ வழி இருக்குன்னு. வா, கீழ போய் அக்காகிட்ட சொல்லணும்..."

ஒரு நொடி எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை. அண்ணன் இருக்கிறான், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறான் என்று உடம்பெல்லாம் சூடேறியது. அடுத்த நொடி அண்ணியின் முகம் வந்தது. நாங்கள் கீழே போய் இதைச் சொன்னால் அவள் அழமாட்டாள், சண்டை போடமாட்டாள். அந்தக் கோப்பைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்ப்பாள். அப்படியே தலை நரைக்கும்வரை.

"மாமா, இன்னொரு தடவை ஊத்துங்க."

"பைத்தியமா உனக்கு? அவன் வேணாங்கறான்!"

"ஊத்துங்க மாமா."

நான் இருட்டைப் பார்த்துத் திரும்பினேன். மீன் வாசம் நெருங்கியிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகம். சின்ன வயதிலிருந்து அவனோடு சண்டை போட்ட அதே கோபம்.

"எப்பவும் இப்படித்தான் நீ," என்றேன். "பகடை ஆட்டத்துல தோத்துட்டா பலகையைக் கவுத்துட்டு, ஆட்டமே நடக்கலன்னு சொல்லுவே. நான் அழுதாலும் ஒத்துக்க மாட்டே. இப்பவும் அதையே பண்றே."

வில்லெம் தூணோடு தூணாக நின்றார். மாமா மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணி உன் சட்டையைத் துவைக்கறா, தெரியுமா? அந்த நீலக் கட்டம் போட்டது. வாரம் தவறாம துவைச்சு, இஸ்திரி போட்டு மாட்டறா. யாரும் போடாத சட்டை அண்ணா. துவைச்சு துவைச்சே காலர் கிழிஞ்சு போச்சு. அவ கையெல்லாம் சோப்புத் தண்ணியில வெடிச்சுக் கிடக்கு. மார்தூனியில ஒருத்தர் இருக்கார். நல்ல மனுஷன். உன்னை மாதிரி சத்தமா சிரிக்க மாட்டார், ஆனா சொன்ன நேரத்துக்கு வருவார். நீதான் ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வந்ததில்லையே."

என் குரல் கல்லில் பட்டு, என் குரலைப்போல இல்லாமல் திரும்பி வந்தது.

"எங்களுக்கு உன்னைப் பிடிக்காமயா இப்படிக் கேக்கறோம்? அம்மா தினமும் தொடறா, நீயும் தொடறே. நடுவுல அண்ணி உக்காந்திருக்கா. விடு அண்ணா. அவளை விட்டுடு."

மாமா என் கோப்பையையும் தன் கோப்பையையும் நிரப்பினார். பாட்டில் கழுத்து கோப்பை விளிம்பில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றினார். பாதி தரையில் விழுந்தது. கோப்பையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினேன். முதல்முறை சொன்ன வார்த்தைகளை மறுபடி சொன்னேன்.

காத்திருந்தேன்.

கூரைத் துளையிலிருந்து இறங்கிய வெள்ளைத் தூண்களில் எனக்கு எதிரே இருந்த ஒன்று நடுவில் சற்று விலகியது. ஒரு ஆள் அகலத்துக்கு. பிறகு சேர்ந்துகொண்டது. என் கோப்பை அசையவில்லை. எங்கிருந்தும் சத்தம் இல்லை. நான் குடித்தேன். தொண்டை எரிந்தது. மாமா குடித்தார்.

அதன்பிறகு, மிகவும் உள்ளே, வெளிச்சம் எட்டாத கடைசித் தூணுக்கு அப்பால், கண்ணாடியைக் கல்லின்மேல் வைக்கிற சத்தம் கேட்டது. டொக். சாப்பிட்டு முடித்தவன் வைப்பதுபோல.

தொட்டியின் விளிம்பைப் பார்த்தேன். கோப்பை இல்லை.

மாமா கைவிளக்கை ஏற்றினார். ஒளிவட்டம் தொட்டிகள் வழியாக நெடுந்தூரம் ஊர்ந்து போய், கடைசித் தொட்டியில் நின்றது. அங்கே கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நடுவில் இருந்த தரை முழுக்க மெத்தென்ற பழைய சாணித்தூள். எங்கள் மூவரின் காலடி வாசலிலிருந்து நாங்கள் நின்ற இடம்வரை தெளிவாகப் பதிந்திருந்தது. அதற்கு அப்பால் தூள் அலுங்காமல் கிடந்தது.

"அதைப் போய் எடுக்கணுமா?" என்று வில்லெம் மிக மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்," என்றோம் நானும் மாமாவும் சேர்ந்து.

மாமா விளக்கை அணைத்தார். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, இருட்டுக்கு முகம் காட்டியபடி, பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தார். இன்னொரு அடி. நானும் அப்படியே நடந்தேன். வில்லெமும் யாரும் சொல்லாமலே எங்களோடு பின்னோக்கி நடந்தார். சிங்கமும் காளையும் எங்களுக்கு மேலே வந்து, முன்னால் போயின. மூடுபனி முகத்தில் பட்ட பிறகுதான் நாங்கள் திரும்பினோம்.

கீழே இறங்கினோம். வில்லெமை விடுதியில் இறக்கிவிட்டோம். அவர் என் கையைத் தேவைக்கு மேல் கொஞ்சநேரம் பிடித்திருந்துவிட்டு உள்ளே போனார். ஊர் விளக்குகள் தெரிந்தபோது மாமா சொன்னார்:

"கவனிச்சியா? அவனும் குடிச்சான். அவனும் தொடல."

"ம்."

"அப்ப அவன் பக்கத்துல இருந்து பாத்தா, செத்துப்போனது நாமதான்." அவர் சிரிக்கப் பார்த்தார். "அதுக்கு ஒரு மனுஷன் எவ்வளவு மனசு கல்லாக்கிக்கணும், பாவம்."

அன்று மாமாவும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார். வேகவைத்த உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, கீரை, ஈரத்துணியில் சுற்றிய மெல்லிய லவாஷ் ரொட்டி. நான் மிச்சமிருந்த இரண்டு கோப்பைகளையும் அம்மா பார்க்காதபோது கழுவி அலமாரியில் வைத்திருந்தேன். அண்ணி என்னை ஒருமுறைகூட நேராகப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. மாமா ரொட்டியில் கை வைக்கப்போக, அம்மா அவர் புறங்கையில் அடித்தாள்.

"இன்னும் அவனுக்குத் தொடலையே, என்ன அவசரம் உனக்கு? காஞ்ச மாடு மாதிரி."

அவள் அண்ணனின் கோப்பையை நிரப்பினாள். தன் கோப்பையை எடுத்து அதைத் தொட்டாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணாடியும் கண்ணாடியும் மோதியதை நாங்கள் நால்வரும் கண்ணால் பார்த்தோம். இரண்டு உருளைக்கிழங்குகள் மோதிக்கொண்டதுபோல இருந்தது. அம்மா புருவத்தைச் சுருக்கினாள். மறுபடி தொட்டாள், கொஞ்சம் பலமாக. சாராயம் சிந்தியது. சத்தம் இல்லை. பக்கத்தில் இருந்த என் கோப்பையைத் தொட்டுப் பார்த்தாள். டிங் என்றது.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. திரும்பி வந்து மேசையில் இருந்தவற்றை விரலால் எண்ணினாள். அவளுக்கு ஒன்று, எனக்கு, மாமாவுக்கு, அண்ணிக்கு, அண்ணனுக்கு.

"ஆறு இருந்துதே," என்றாள். "ஒன்னு எங்க?"

மாமா தட்டைப் பார்த்தார்.

"மேல விட்டுட்டு வந்தேம்மா," என்றேன்.

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அண்ணியின் கையிலிருந்த லவாஷ் துண்டு துண்டாகத் தட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"குடிச்சானா?"

"குடிச்சான்."

"தொட்டானா?"

"முதல்ல தொட்டான்."

"அப்புறம்?"

"அப்புறம் தொடல."

அம்மா உட்கார்ந்தாள். நாற்காலியைத் தேடி உட்காருகிறவள்போல, பின்னால் கையை விட்டுத் துழாவி உட்கார்ந்தாள். மேசை விரிப்பில் சிந்தியிருந்த சாராயத்தை உள்ளங்கையால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பிறகு தன் கோப்பையை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கினாள். மாமா தூக்கினார். நான் தூக்கினேன். கடைசியாக அண்ணி தூக்கினாள். அவள் கோப்பை என் பக்கம் சாய்ந்தது. என் கோப்பையில் பட்டுவிடுமோ என்று நான் பின்னால் சாய்ந்தேன்.

"என் பிள்ளைக்கு," என்றாள் அம்மா.

நான்கு கோப்பைகளும் கொஞ்சநேரம் அப்படியே நின்றன. எதுவும் எதையும் தொடவில்லை. குடித்தோம்.

அம்மா லவாஷை எடுத்துக் கிழித்தாள். பாதியை அண்ணியின் தட்டில் வைத்தாள். சாப்பிடச் சொல்வதுபோல அதை விரலால் அவள் பக்கம் தள்ளினாள்.

"அந்தச் சட்டையை நாளைக்குத் துவைக்காதேம்மா," என்றாள். "காலர் போச்சு."